இழை இழையாக ஒரு வாழ்வு



சென்னைக் கோட்டூர்புரத்தில் பெரியதொரு நூலகம் உண்டு. 2010-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-ஆம் நாள் திறக்கப்பட்ட அந்த மாளிகையில் இலட்சக்கணக்கான புத்தகங்கள் அடுக்கி வைக்கப்பட்டுள்ளன. நம் காஞ்சி நகரை அடுத்த காரப்பேட்டையில் ஒரு மருத்துவமனை உண்டு. புற்றுநோயால் வருந்துகிறவர்கள் பல ஊர்களிலிருந்தும் அங்கே வருகிறார்கள். அதன் வாசலை மிதித்த குடும்பங்கள் நம்மிடையேயும் இருக்கின்றன. இரண்டுக்கும் ஒரே மனிதருடைய பெயரையே சூட்டியிருக்கிறார்கள். அவர் நம் ஊர்க்காரர், நெசவாளர் வீட்டுப் பிள்ளை, காஞ்சீபுரம் நடராசன் அண்ணாதுரை.

அவருடைய பெயர் நூலகத்துக்கு ஏன் பொருந்தியது, புற்றுநோய் மருத்துவமனைக்கு ஏன் பொருந்தியது என்று கேட்டால், இரண்டு கேள்விக்கும் ஒரே சொல்லில் பதில் இருக்கிறது. அது பழக்கம் என்னும் சொல். அவ்விரு பழக்கங்களின் கதையைத்தான் இவ்வாரம் உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நம் பங்கில் எல்லாக் கட்சியாரும் இருக்கிறீர்கள். இது கட்சிப் பேச்சு அன்று. அண்ணா நம் மதத்தைச் சேர்ந்தவரும் அல்லர். பகுத்தறிவு இயக்கத்தில் வளர்ந்தவர். ஆயினும், ஒரு மனிதனிடம் கற்றுக்கொள்ளத் தக்கது இருந்தால், அவன் எந்தத் தெருவில் பிறந்தான் என்று பாராமல் கற்றுக்கொள்வதே விவேகம். அதிலும் இவர் நம் தெருவிலேயே பிறந்தவர் அன்றோ?

1909-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-ஆம் நாள் அவர் பிறந்தார். தந்தை நடராசன், தாய் பங்காரு அம்மாள். சிறுவனைச் சீராட்டி வளர்த்தவர் சிற்றன்னை இராசாமணி அம்மாள். தறிச் சத்தம் கேட்டு வளரும் பிள்ளைக்கு ஒரு பாடம் யாரும் சொல்லாமலே கிடைத்துவிடுகிறது. காலையில் பார்த்தால் சேலை இவ்வளவுதான் இருக்கும். மாலையில் பார்த்தால் ஒரு முழமோ ஒன்றரை முழமோ கூடியிருக்கும். நாடா ஒரு முறை ஓடினால் கூடுவது ஒரே ஓர் ஊடை இழை. அது கண்ணுக்கே தெரியாது. ஆனால் அப்படி ஓடி ஓடித்தான் கலியாணப் பட்டு உருவாகிறது. ஒரே நாளில் சேலை நெய்துவிடுகிறேன் என்று சொல்பவனை நம் ஊரில் யாரும் நம்பமாட்டார்கள். மனித வாழ்வின் விஷயத்தில் மட்டும் ஏனோ நாம் அப்படி நம்பிவிடுகிறோம். புது வருஷம் பிறந்ததும் பெரிய தீர்மானம் செய்கிறோம். தைப் பொங்கல் வருவதற்குள் அதை மறந்துவிடுகிறோம்.

அண்ணா நம் ஊர்ப் பச்சையப்பன் பள்ளியில் படித்தார். குடும்பத்தில் பணக் கஷ்டம். ஆகவே படிப்பை நிறுத்திவிட்டு, சிறிது காலம் காஞ்சிபுரம் நகராட்சி அலுவலகத்தில் எழுத்தராக வேலை பார்த்தார். பெற்றோர்களே, அந்த இடத்தில் சற்று நில்லுங்கள். மாதச் சம்பளம் வருகிறது, வேலை நிலையானது, குடும்பத்துக்கும் ஆறுதல். அவ்வளவில் நின்றிருந்தால் அண்ணாதுரை என்னும் பெயரை நகராட்சிக் கோப்புகளில் மட்டுமே பார்த்திருப்போம். அவர் நிற்கவில்லை. மீண்டும் படிக்கப் போனார். சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார். மாணவராக இருக்கும்போதே, 1930-இல் இராணி அம்மையாரை மணந்துகொண்டார். குடும்பப் பொறுப்போடு படிப்பையும் நடத்தி, 1934-இல் பட்டம் பெற்றார். பொருளாதாரமும் அரசியலும் அவர் விரும்பிக் கற்ற பாடங்கள்.

கல்லூரி நாட்களில்தான் அவருடைய பெரிய பழக்கம் வேரூன்றியது. பரீட்சைக்கு வேண்டியதைப் படித்து முடித்ததோடு புத்தகத்தை மூடிவிடும் மாணவராக அவர் இருக்கவில்லை. எழும்பூரில் 1896 முதல் இருந்துவரும் கன்னிமாரா நூலகம் அவருக்கு இரண்டாம் வீடு போல ஆயிற்று. சரித்திரம், நாடகம், நாவல், அரசியல், வாழ்க்கை வரலாறு என்று கைக்குக் கிடைத்ததை எல்லாம் படித்தார். புத்தகங்களை விலைகொடுத்து வாங்கக் கூடிய வீடு அவருடையது அன்று. நூலகமோ ஏழை பணக்காரன் பாராமல் எல்லோருக்கும் கதவு திறந்தது. வசதி இல்லாததைக் காரணம் காட்டி நல்ல பழக்கத்தை ஒத்திப்போடும் நமக்கு இது ஒரு படிப்பினை அன்றோ?

படிப்பு முடிந்து, சென்னையில் ஒரு பள்ளியில் சில காலம் ஆசிரியராக இருந்தார். பிறகு பொதுவாழ்வு அவரை இழுத்துக்கொண்டது. பெரியார் ஈ.வெ. ராமசாமியைச் சந்தித்து, அவர் இயக்கத்தில் சேர்ந்து, குடிஅரசு, விடுதலை ஆகிய இதழ்களில் பணியாற்றினார். 1942-இல் நம் காஞ்சியிலிருந்தே திராவிட நாடு என்னும் வார இதழைத் தொடங்கினார். வார இதழ் நடத்துவது எளிய காரியம் அன்று. பங்குச் செய்தி மடல் ஒன்றை ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமைக்கும் ஆயத்தம் செய்வதற்கே நான் படும் பாடு எனக்குத் தெரியும். அவரோ தலையங்கம், கட்டுரை, சிறுகதை, தொடர்கதை என்று பலவும் எழுதினார். ஒரே இதழில் ஒரே பெயர் பல முறை வரலாகாது என்று சௌமியன், பரதன் முதலிய புனைபெயர்களை வைத்துக்கொண்டார். 1955 முதல் தம் தோழர்களைத் தம்பி என்று விளித்து இதழில் கடிதம் எழுதும் வழக்கத்தை மேற்கொண்டார். வாரந்தோறும் அண்ணன் கடிதம் வரும் என்று மூலைமுடுக்கெல்லாம் வாலிபர் காத்திருந்தார்கள். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த ஒருவர் உரக்கப் படிக்க, மற்றவர்கள் சூழ்ந்திருந்து கேட்பது அந்நாளில் பல ஊர்களில் கண்ட காட்சி.

அவருடைய ஓர் இரவு என்னும் கதை 1951-இல் திரைப்படமாக வந்தது. அதன் திரைக்கதை வசனத்தை ஒரே இரவில் உட்கார்ந்து எழுதி முடித்தார் என்று சொல்வார்கள். கேட்பவர்கள் வியக்கிறார்கள். நான் வியப்பது வேறொன்றை. அந்த ஓர் இரவுக்கு முன்னால் எத்தனை ஆயிரம் இரவுகள் அவர் விளக்கை வைத்துக்கொண்டு படித்தும் எழுதியும் இருக்க வேண்டும்! கோர்வைச் சேலையில் உடலும் கரையும் சேரும் இடத்தில் இழை பிசகாமல் கோக்கும் கைகாரரைப் பார்த்து, வெளியூரார் மந்திரம் என்கிறார்கள். அது பல வருஷத்துப் பழக்கம் என்று நமக்குத் தெரியும்.

உண்மையான பழக்கம் எது, வெறும் வசதி எது என்பது இடுக்கண் வரும்போதுதான் புலனாகும். அண்ணா பல முறை சிறை சென்றவர். 1963-இல் ஆட்சிமொழிப் போராட்டத்தில் கைதாகிச் சென்னைச் சிறையில் இருந்தார். அந்த நாட்களின் அனுபவத்தைப் பிற்பாடு கைதி எண் 6342 என்னும் தலைப்பில் எழுதினார். அந்த எண் அவருக்குச் சிறையில் கொடுக்கப்பட்டது. அதைப் படித்துப் பார்த்தால், சிறைக்குள்ளும் அவர் படிப்பை விடவில்லை என்று அறியலாம். அதற்கு முந்தின வருஷம், 1962 பொதுத் தேர்தலில், நம் காஞ்சித் தொகுதியிலேயே அவர் தோற்றுப்போனார். 1957-இல் தேர்ந்தெடுத்த அதே ஊர் 1962-இல் கைவிட்டது. தோல்வியின் மறு வாரமும் எழுதினார். பிறகு மாநிலங்களவைக்குச் சென்று, வட நாட்டாரும் செவிசாய்க்கும்படி ஆங்கிலத்தில் பேசினார். கன்னிமாராவில் படித்தவை டில்லியில் கைகொடுத்தன.

இன்னொரு பழக்கத்தையும் குறிப்பிட வேண்டும். அது நாவடக்கம். 1949-இல் அவர் பெரியாரை விட்டுப் பிரிந்து தனிக் கட்சி கண்டார். பிரிந்தவர்கள் ஒருவரையொருவர் ஏசுவது உலக வழக்கம். பெரியார் கடுமையாகவே பேசினார். அண்ணாவோ புதிய கட்சியின் தலைவர் நாற்காலியைக் காலியாக விட்டுவைத்து, அது பழைய தலைவருக்கே உரியது என்றார். பதினெட்டு வருஷம் சென்று, 1967-இல் தேர்தலில் வென்றபோது, தமக்கு எதிராகப் பிரசாரம் செய்திருந்த அந்த முதியவரைத் திருச்சிக்கே சென்று பார்த்து வணங்கினார். வெற்றி பெற்ற அன்று ஒரே நாளில் அப்படிப்பட்ட பண்பு ஒருவனுக்கு வந்துவிடாது. பதினெட்டு வருஷமும் கோபத்தை விழுங்கி விழுங்கிப் பழகியவருக்கே அது வரும். அண்ணன் தம்பிகள் பாகத் தகராறில் பத்து வருஷமாய் முகம் பாராமலிருக்கும் வீடுகள் நம் பங்கிலும் உண்டு. அவர்கள் இந்த வரியை இரண்டு முறை படிக்கவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

1967 மார்ச் 6-ஆம் நாள் அவர் முதலமைச்சரானார். நகராட்சி அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவர் கோட்டையில் அமர்ந்தார். 1968-இல் அமெரிக்காவிலுள்ள யேல் பல்கலைக்கழகம் அவரைச் சிறப்பு விருந்தினராக அழைத்து, மாணவர்களோடு உரையாடச் செய்தது. அந்தப் பயணத்தின்போதுதான் அவர் ரோமாபுரிக்கும் சென்றார். 2018-இல் புனிதராக உயர்த்தப்பட்ட பாப்பரசர், ஆறாம் சின்னப்பர் என்று நம் பெரியவர்கள் அழைத்த ஆறாம் பவுல், அவருக்குப் பேட்டி அளித்தார். பாப்பரசரிடம் அண்ணா தமக்கென்று ஒன்றும் கேட்கவில்லை. கோவா விடுதலைக்காகப் போராடி 1955-இல் பிடிபட்டுப் போர்த்துகல் நாட்டுச் சிறையில் வாடிக்கொண்டிருந்த மோகன் ரானடே என்பவருக்காகப் பரிந்து பேசினார். ரானடே தமிழரும் அல்லர். அவர் கட்சியைச் சேர்ந்தவரும் அல்லர். பலருடைய முயற்சியும் சேர்ந்து 1969 ஜனவரியில் அந்தச் சிறைக் கதவு திறந்தது. அதே ஜனவரியில், 14-ஆம் நாள், நம் மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்னும் பெயர் சட்டப்படி வந்தது.

ஆனால் அந்த ஜனவரியில் அண்ணாவால் சோறு விழுங்க முடியவில்லை.

இனி மற்றப் பழக்கத்தின் கதையைச் சொல்லவேண்டும். சொல்லாமல் விட்டால் நான் உங்களுக்கு நல்ல மேய்ப்பனாக மாட்டேன். அண்ணாவுக்கு மூக்குப்பொடி போடும் வழக்கம் இருந்தது. வெற்றிலை பாக்கோடு புகையிலை போடும் வழக்கமும் இருந்தது. அக்காலத்தில் அதை ஒருவரும் குற்றமாக எண்ணவில்லை. எத்தனையோ கௌரவமான பெரியவர்களின் மடியில் பொடி டப்பி இருந்தது. எழுதும்போது ஒரு சிட்டிகை, பேசிக் களைத்தபின் ஒரு தாம்பூலம். ஒரு சிட்டிகையால் என்ன நேர்ந்துவிடப் போகிறது? ஒரு ஊடை இழையால் சேலை நிறைந்துவிடுமா? நிறையாது. ஆனால் நாடா நிற்காமல் ஓடுகிறதே!

1968-இல் அவருக்கு உணவுக்குழாயில் புற்றுநோய் கண்டது. அந்த ஆண்டு செப்டம்பரில் அமெரிக்காவுக்குக் கொண்டுபோய் நியூயார்க்கில் அறுவைச் சிகிச்சை செய்தார்கள். அப்போது கையிலிருந்த புத்தகத்தைப் படித்து முடிக்க ஒரு நாள் தவணை கேட்டார் என்று இன்றும் சொல்லக் கேட்கிறோம். நாடு திரும்பிச் சில வாரம் தேறியது போல் இருந்தார். பிறகு நோய் மீண்டும் முற்றியது. 1969 பிப்ரவரி 3-ஆம் நாள், அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில், ஐம்பத்தொன்பதாம் வயதில் காலமானார். முதலமைச்சராக இருந்தது இரண்டு வருஷம்கூட முழுதாக இல்லை. அவரை நேசித்த இலட்சக்கணக்கான ஜனங்கள் சென்னைத் தெருக்களில் அழுதுகொண்டு நின்றார்கள்.

ஒருவருக்கு இந்நோய் எதனால் வந்தது என்று அறுதியிட்டுச் சொல்வது வைத்தியர் காரியம். ஆனால் புகையிலையும் பாக்கும் வாயிலும் தொண்டையிலும் உணவுக்குழாயிலும் புற்றுநோயை உண்டாக்கும் என்பது இன்று ஐயமற நிலைநாட்டப்பட்ட உண்மை. அண்ணா காலத்தில் மக்களுக்கு அது நன்கு தெரியாது. நமக்குத் தெரியும். ஆகவே அவருக்கு இருந்த சாக்கு நமக்கு இல்லை.

அன்பர்களே, இந்த ஒரு வாழ்வில் இரு பழக்கங்களும் ஒரே விதமாய் வேலை செய்ததைக் கவனித்தீர்களா? இரண்டும் சிறிதாகத் தொடங்கின. இரண்டும் நாள்தோறும் நடந்தன. இரண்டும் அவர் கவனிக்காத நேரத்திலும் வளர்ந்துகொண்டே போயின. ஒன்று அவரை உயர்த்தியது. மற்றது அவரை நம்மிடமிருந்து பறித்தது என்றே பலரும் எண்ணுகிறார்கள். பழக்கம் என்பது தறியைப் போல. நல்ல நூல் போட்டாலும் நெய்யும். இற்றுப்போன நூல் போட்டாலும் நெய்யும். எந்த நூலைப் போடுவது என்று பார்த்துக்கொள்ள வேண்டியவர் தறியில் உட்கார்ந்திருப்பவரே. புண்ணியம் என்பதும் ஒரு நிலையான பழக்கமே என்று கிரேக்க ஞானி அரிஸ்தாத்திலும், அவரைத் தொடர்ந்து அர்ச். தோமாஸ் அக்குவினாவும் கற்பித்ததைக் குருமடத்தில் பாடமாகப் படித்தேன். அதன் பொருள் முழுவதும் விளங்கியது, இந்த ஊருக்கு வந்து தறிகளைப் பார்த்த பிறகுதான்.

சரி, நல்ல பழக்கத்தை உண்டாக்கிக்கொள்வது எப்படி? லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் 96 பேரை வைத்துச் சோதித்து, 2009-இல் முடிவை வெளியிட்டார்கள். ஒவ்வொருவரும் நாள்தோறும் ஒரு சிறு காரியத்தை, ஒரே சந்தர்ப்பத்தில், உதாரணமாகக் காலை உணவுக்குப் பின், செய்யவேண்டும். அது தானாக நடக்கும் பழக்கமாக மாறுவதற்குச் சராசரியாக 66 நாள் ஆகும் என்று கணக்கிட்டார்கள். சிலருக்கு 18 நாளே போதுமாயிருந்தது. சிலருக்கு 254 நாள் வரை ஆகும் என்று தெரிந்தது. இடையில் ஒரு நாள் தவறிப்போனால் காரியம் கெட்டுவிடவில்லை என்பதும் தெரியவந்தது. இதில் நமக்கு ஆறுதல் உண்டு. இழை அறுந்தால் நெசவாளி தறியை உடைத்துவிட்டு எழுந்து போவதில்லை. அறுந்த இடத்தைத் தேடிப் பிடித்து, முடிச்சுப் போட்டு, மேலே நெய்கிறான். அறுந்ததைக் கவனியாமல் நெய்துகொண்டே போனால்தான் சேலையில் குறை விழும்.

ஆகவே பெரியதாகத் தொடங்காதீர்கள். பிள்ளையை நாள்தோறும் மூன்று மணி நேரம் படி என்று உருட்டுவதைவிட, இராச் சாப்பாடு ஆனவுடன் பத்துப் பக்கம் படிக்கும்படி அருகில் உட்கார்த்தி வையுங்கள். ஏற்கெனவே தவறாமல் நடக்கிற ஒரு காரியத்தோடு புதியதைச் சேர்த்துக் கட்டுங்கள். கரையோடு உடலைக் கோர்ப்பது போல. அந்த நேரத்தில் நீங்களும் ஏதேனும் படியுங்கள். தகப்பன் கைபேசியைப் பார்த்துக்கொண்டே மகனைப் புத்தகம் பார்க்கச் சொன்னால், பிள்ளை கற்பது கைபேசியைத்தான். உங்களைக் குறை சொல்லுமுன் என்னையும் சொல்லிக்கொள்கிறேன். படுக்குமுன் அரை மணி படிக்கும் என் பழக்கம் அந்தக் கருவியால் அறுந்துகிடந்தது. சென்ற தவக்காலத்தில் அதைச் சாப்பாட்டு அறையிலேயே வைத்துவிட்டுப் படுக்கத் தொடங்கினேன். அறுந்த இழை மெதுவாகக் கூடி வருகிறது.

இனி, தறியில் உட்காருமுன் வாயில் புகையிலை அடக்கும் சகோதரர்களுக்கு ஒரு வார்த்தை. நாளெல்லாம் குழித்தறியில் கால் மரத்து உட்கார்ந்திருக்கும் உங்கள் களைப்பு எனக்குத் தெரியாமல் இல்லை. அது களைப்பைப் போக்கவில்லை. மறக்கச் செய்கிறது, அவ்வளவே. பழக்கம் இழையாய் இருக்கும்போது விரலால் அறுக்கலாம். துணியான பின் கத்தரி வேண்டும். நோயான பின் வைத்தியர் கத்தி வேண்டும். தனியே விட முடியவில்லை என்றால் வெட்கப்படாமல் அரசு மருத்துவமனையில் ஆலோசனை கேளுங்கள். வாயில் வெள்ளைத் திட்டோ, இரண்டு மூன்று வாரமாகியும் ஆறாத புண்ணோ, விழுங்குவதில் தடையோ இருந்தால் ஒரு நாளும் தாமதியாமல் வைத்தியரிடம் காட்டுங்கள். காரப்பேட்டை தூரத்தில் இல்லை. நோய் முற்றிய பின் அங்கே போவதைவிட, சந்தேகம் தோன்றியவுடன் போவது எவ்வளவோ மேல்.

வீட்டுத் தாய்மாருக்கும் ஒன்று சொல்கிறேன். கணவரையும் மகனையும் ஏசித் திருத்த முடியாது. பொட்டலம் தேடும் அந்த நேரத்தில் ஒரு தம்ளர் மோரோ, ஒரு பிடி வேர்க்கடலையோ கொண்டுபோய்க் கொடுங்கள். காலியான இடத்தில் வேறொன்று வந்தாலன்றிப் பழைய பழக்கம் திரும்பி வந்துவிடும்.

நம் ஊரில் அண்ணா வாழ்ந்த வீடு நினைவு இல்லமாக இருக்கிறது. விடுமுறை நாளில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போய்க் காட்டுங்கள். நெசவாளர் வீட்டுப் பிள்ளை எப்படி உயர்ந்தார் என்று சொல்லுங்கள். திரும்பி வரும் வழியில், அவர் ஏன் அறுபது வயதைக் காணவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் பிள்ளைகள் முழு மனிதரை அறிவார்கள்.

இன்றிரவு படுக்குமுன் ஆத்தும சோதனை செய்யும்போது, இன்று என் தறியில் ஓடிய நாடா எந்த நூலைச் சுமந்து ஓடியது என்று ஒரு நிமிஷம் எண்ணிப் பாருங்கள். நல்ல நூலானால் நாளையும் அதையே ஓட்டுங்கள். இற்ற நூலானால் இன்றே மாற்றுங்கள். முந்தானை எப்படி வரும் என்று கவலைப்பட வேண்டாம். இழை சரியாக இருந்தால் அது தானே சரியாக வரும்.

ஆண்டவர் உங்கள் கைகளின் பிரயாசையை ஆசீர்வதிப்பாராக.

உங்கள் பங்குக் குரு